பயணி ஆறு மாதத்துக்கு முன்பே திட்டமிடுகிறார், நாம் எப்போது?

சென்ற ஜூலை மாதம் ஒரு மாலை நேரம். பொத்துவில் கடைத்தெருவில் தெரிந்த ஒருவரின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தேன். முதுகில் பெரிய பைகளுடன் வெளிநாட்டு இளைஞர் ஒருவரும் அவரது மனைவியும் வந்தார்கள். இரண்டு போத்தல் தண்ணீர் வாங்கினார்கள். காசைக் கொடுத்துவிட்டு அந்த இளைஞர் கேட்டார்: நாளை விடியற்காலையில் களப்பில் தோணியில் போக முடியுமா? எத்தனை மணிக்கு? எவ்வளவு கேட்பார்கள்? உயிர்காப்பு அங்கி தருவார்களா?

கடைக்காரத் தம்பிக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனாலும் தெரியாது என்று தலையாட்டி, கையைக் கடல் பக்கம் காட்டிவிட்டார். அவர்கள் நன்றி சொல்லிப் போய்விட்டார்கள். "ஏன் தம்பி, களப்பில தோணி விடுற ஆட்கள் உங்கட ஊர் மீன்பிடிக்காரர்தானே? ஒரு போன் எடுத்துக் கேட்டிருக்கலாமே" என்றேன். "அதெல்லாம் நமக்கெதுக்கு காக்கா? வெள்ளைக்காரன் கடலுக்கு வாறான், போறான். நம்மட கடைக்கு வாறது ஊர்ச்சனம்தானே" என்று பதில் வந்தது.

அவர் கடையில் அன்று விற்றது இரண்டு போத்தல் தண்ணீர். விற்கத் தவறியது எவ்வளவு என்பதை அவர் கணக்கிட்டதே இல்லை. இந்த வாரம் அந்தக் கணக்கைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

பயணி எப்படித் திட்டமிடுகிறார்?

இயற்கையையும் சாகசத்தையும் தேடி வெப்பவலயத் தீவொன்றுக்குப் போக நினைப்பவர் கண்ணை மூடிக்கொண்டு விமானம் ஏறுவதில்லை. பல மாதங்களுக்கு முன்பே அவர் ஐந்து கேள்விகளுக்கு விடை தேடுகிறார். எப்போது போவது? எந்த வழியாகப் போவது? அங்கே என்ன செய்யலாம்? பாதுகாப்பானதா? எவ்வளவு முடியும்? விடை கிடைத்த இடம் அவரது பட்டியலில் ஏறுகிறது. விடை கிடைக்காத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலில் இருந்து விழுந்து விடுகிறது.

முதற்கேள்விக்கு விடை சொல்வது காற்று. 65,610 சதுர கிலோமீற்றர் கொண்ட நமது சிறு தீவுக்கு இரண்டு பருவக்காற்றுகள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று தெற்கையும் மேற்கையும் நனைக்கிறது. ஹிக்கடுவையிலும் மிரிஸ்ஸவிலும் கடல் கொந்தளிக்கும். அதே மாதங்களில் மலைநாட்டைத் தாண்டி வரும் காற்று கிழக்கில் காய்ந்த கச்சானாக வீசுகிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை நிலைமை தலைகீழ். வாடைக்காற்று கிழக்கில் மழையைக் கொட்டும்போது தெற்குக் கடல் அமைதியாகக் கிடக்கும். ஆகவே வருடத்தின் எந்த மாதத்திலும் இந்தத் தீவின் ஏதோ ஒரு கரை பயணிக்குத் திறந்தே இருக்கிறது. இந்த வசதி உலகில் எல்லாத் தீவுகளுக்கும் வாய்த்ததல்ல.

ஜூலையில் விடுமுறை கிடைக்கும் பயணி இதை ஜனவரியிலேயே படித்து அறிந்து, கிழக்கு என்று முடிவு செய்கிறார். தென்மாக்கடலில் எங்கோ கிளம்பும் பேரலை அறுகம்பை முனையில் வந்து ஒழுங்காக மடிவதும், கரையிலிருந்து வீசும் காற்று அந்த அலையைக் குலையாமல் வைத்திருப்பதும் அவருக்குத் தெரியும். பொத்துவிலில் பிறந்து வளர்ந்த வியாபாரிகள் பலருக்கு அலை எந்த மாதம் வருகிறது, ஏன் வருகிறது என்பது தெரியாது. தன் கடையிலிருந்து மூன்று கிலோமீற்றர் தூரத்தில் உள்ள சந்தையைப் பற்றி, கடல் கடந்து வருபவர் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறார்.

நோன்புப் பெருநாளுக்கு எத்தனை நாள் முன்பாகப் புடவை இறக்க வேண்டும், பாடசாலை தொடங்குமுன் எத்தனை கொப்பி வாங்கி அடுக்க வேண்டும் என்பதெல்லாம் நமது வர்த்தகர்களுக்குப் பாடம். அதே கணக்குத்தான் இங்கும். ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரில் முடிகிற இன்னொரு சீசன் இருக்கிறது. இதற்கு நாம் சரக்கும் இறக்குவதில்லை, ஆயத்தமும் செய்வதில்லை.

ஒரு வாரப் பயணத்தில் எத்தனை வியாபாரம்?

அறுகம்பையில் ஏழு நாள் தங்க வருபவரின் திட்டத்தைச் சற்று விரித்துப் பார்ப்போம்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் அலைச்சறுக்கல். தேர்ந்தவர் முனைப் பக்கம் போவார். பழகுபவர் உள்குடாவில் நிற்பார். இன்னும் சிலர் முச்சக்கர வண்டியின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு வடக்கே பொத்துவில் முனைக்கோ தெற்கே பாணமைப் பாதையில் உள்ள கரைகளுக்கோ போவார்கள். நல்ல அலை விடியற்காலையில். எனவே ஐந்து மணிக்கே அவர்களுக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். அந்நேரத்தில் நமது சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி சுடத் தொடங்கியிருப்பார்கள். கடதாசியில் சுற்றிய இரண்டு ரொட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் தேநீரும் கொண்ட ஒரு பொதியை முதல் நாளே சொல்லி வைத்தால் தருவோம் என்று ஓர் அறிவித்தல் போட்டாலே போதும்.

ஒரு நாள் களப்பு. கண்டல் மரங்களுக்கிடையே மீன்பிடிக்காரர் தோணி வலிக்க, பறவைகளையும் சில வேளை முதலையையும் பார்த்து வரலாம். இன்னொரு நாள் குமண. யுத்தத்தினால் 1985இல் மூடப்பட்ட இந்த வனம் 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. அப்போது யால கிழக்கு என்றிருந்த பெயர் 2006இல் குமண தேசிய பூங்கா என மாறியது. அதன் வாசலில் உகந்தை முருகன் கோயில். ஜூலை மாதத்தை ஒட்டிக் கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகர்கள் இந்த வழியாகவே காட்டுக்குள் நடக்கிறார்கள். அவர்களும் தண்ணீரும் அரிசியும் மருந்தும் செருப்பும் தேவைப்படும் பயணிகளே. மற்றொரு நாள் லாகுகல. கோடையில் குளத்துப் புல்லைத் தேடி யானைக் கூட்டம் இறங்கும் இடம்.

இத்தனைக்கும் வாகனம் வேண்டும், எரிபொருள் வேண்டும், பஞ்சர் ஒட்ட ஆள் வேண்டும். வெயிலுக்குத் தொப்பியும் களிம்பும், நுளம்புக்கு மருந்தும், பலகை கட்டக் கயிறும், உடைந்த பலகையை ஒட்டப் பிசினும், தொலைபேசிக்குச் சிம்மும், அழுக்கு உடுப்புக்குச் சலவையும், இரவில் நடக்க டோர்ச்சும் வேண்டும். இவற்றில் எந்தப் பொருள் நமது கடைத்தெருவில் இல்லை? எல்லாம் இருக்கிறது. பயணிக்கு அது தெரியாது. கரையோரத்தில் இதே பொருளை இரண்டு மடங்கு விலைக்கு விற்பவரிடம் அவர் வாங்கிப் போகிறார்.

ஹலால் உணவு தேடி வருகிற பயணியையும் மறந்துவிடக் கூடாது. மாலைதீவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சாப்பாட்டையும் தொழுமிடத்தையும் பற்றிய கவலை இயல்பாகவே இருக்கும். அவை இரண்டும் நமது ஊரில் காலடியில் இருக்கின்றன. இதை ஊருக்கு வெளியே யாருக்குச் சொல்லியிருக்கிறோம்?

விலை, உண்மை, உயிர்

திட்டமிட்டு வரும் பயணி மூன்று விடயங்களுக்கு அஞ்சுகிறார். நாம் அக்கறையோடு கவனிக்க வேண்டியவை இவைதான்.

முதலாவது, நிலையில்லாத விலை. ஒரே தூரத்துக்குக் காலையில் ஒரு கூலி, மாலையில் ஒரு கூலி. உள்ளூராருக்கு ஒன்று, வெளியூராருக்கு ஒன்று, வெள்ளைத் தோலுக்கு இன்னொன்று. அந்த நேரத்துக்கு ஐந்நூறு ரூபா கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் இன்று பயணி தன் அனுபவத்தை அன்றிரவே கைத்தொலைபேசியில் எழுதி விடுகிறார். அடுத்த வருடம் வரத் திட்டமிடும் ஆயிரம் பேர் அதைப் படிக்கிறார்கள். ஐந்நூறு ரூபாவுக்கு ஓர் ஊரின் பெயரை விற்பது எந்த வியாபார நியாயம்? விலையைப் பலகையில் எழுதித் தொங்கவிடுவோம். எழுதிய விலை கூடுதலாக இருந்தாலும் பயணி கோபிப்பதில்லை. எழுதாத விலைதான் அவரைச் சந்தேகிக்க வைக்கிறது.

இரண்டாவது, பொய்த் தகவல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நூற்றுக்கணக்கான உயிர்களைக் காவுகொண்டு மலைநாட்டுப் பாதைகளைச் சிதைத்தபோது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தெரியாமல் பயணிகள் தவித்தார்கள். அப்படியான நேரத்தில் உண்மையைச் சொல்கிற ஒரு வாகனக்காரரின் இலக்கத்தைப் பயணி பத்திரமாக வைத்துக் கொள்கிறார். "எல்லாம் சரி, வாங்க" என்று சொல்லி வரவழைத்து நடுவழியில் நிறுத்துபவரை அவர் மறப்பதில்லை, மன்னிப்பதுமில்லை.

மூன்றாவது, உயிருக்கு ஆபத்து. சாகசப் பயணம் என்றால் ஆபத்தைத் தேடிப் போவது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் தேடுவது நன்கு கவனித்துக் கட்டுப்படுத்தப்பட்ட ஆபத்தை. உயிர்காப்பு அங்கி இல்லாத தோணி, ஆறு பேர் ஏற வேண்டியதில் பத்துப் பேர், மாலை மங்கிய பின் யானை கடக்கும் லாகுகல வீதியிலும் பாணமை வீதியிலும் மோட்டார் சைக்கிளை வாடகைக்குக் கொடுத்து அனுப்புதல், இழுவை நீரோட்டம் உள்ள இடத்தில் நீந்த விட்டுப் பார்த்திருத்தல் - இவை எல்லாம் ஒரு நாள் ஒரு மையித்தில் முடியும். அன்றோடு அந்த ஊரின் சீசனும் முடியும். "இன்றைக்குக் கடல் சரியில்லை, நாளைக்குப் போங்கள்" என்று சொல்லி ஒரு நாள் கூலியை இழக்கத் துணிகிறவரே நீண்டகால வியாபாரி. நம்மை நம்பி வருகிறவரின் உயிர் ஓர் அமானிதம் என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலைத் தின்னக் கூடாது

எந்த வியாபாரத்திலும் இலாபத்தைத் தின்னலாம், முதலைத் தின்னக் கூடாது. இந்த வியாபாரத்தின் முதல் எது? காடு, களப்பு, யானை, அலை. நாம் பொலித்தீனில் சுற்றிக் கொடுக்கிற ஒவ்வொரு பொதியும் எங்கோ போய்ச் சேருகிறது. நமது அம்பாறை மாவட்டத்திலேயே பள்ளக்காடு குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்ற யானைகள் எட்டு வருடங்களில் சுமார் இருபது இறந்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. யானையைப் பார்க்க ஆளை அழைத்துக்கொண்டு, யானைக்கு நஞ்சையும் நாமே வைப்பதா? கடதாசிப் பையும், போத்தலில் தண்ணீரை மீள நிரப்பிக் கொடுக்கும் வசதியும் வைத்தால் செலவு குறையும், பெயரும் வரும். இயற்கையைத் தேடி வருகிறவர் இதைக் கட்டாயம் கவனிப்பார்.

கடன் வாங்கிக் கட்டலாமா?

இவ்வளவும் படித்துவிட்டு நாளைக்கே காணியை ஈடு வைத்து அறைகள் கட்ட யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். உல்லாசப் பயணத் தொழில் சட்டென்று நின்றுவிடக் கூடியது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அறுகம்பையை அள்ளிச் சென்றது. 2018இல் நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான பயணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களும் அதன்பின் கொரோனாவும் சேர்ந்து 2021இல் அந்தத் தொகையை இரண்டு இலட்சத்துக்கும் கீழே தள்ளின. 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அதே வருடம் ஒக்டோபர் 23ஆம் திகதி, அறுகம்பைக்குச் செல்ல வேண்டாம் என அமெரிக்கத் தூதரகம் தன் பிரஜைகளை எச்சரித்தது. அந்தச் சீசனின் கடைசி நாட்களை ஒரே ஓர் அறிவித்தல் கேள்விக்குறியாக்கிவிட்டது.

மறுபக்கமும் உண்டு. 2019 ஏப்ரல் தாக்குதல்கள் நடந்து ஐந்து மாதங்கள் கழித்து, செப்டெம்பரில் அறுகம்பையில் சர்வதேச அலைச்சறுக்கல் போட்டி நடந்தது. விழுந்த இடம் எழும்புகிறது. எழும்பும்வரை தாக்குப்பிடிப்பவர், கடனில்லாமல் சிறிதாகத் தொடங்கியவரே. ஆகவே இருக்கிற கடையில் ஒரு தட்டை ஒதுக்குங்கள். இருக்கிற வீட்டில் ஓர் அறையை ஒழுங்கு செய்யுங்கள். இருக்கிற வேனுக்கு ஒரு புதிய வேலை கொடுங்கள். ஊர்ச்சனத்துக்கான வியாபாரம் சோறு, பயணிக்கான வியாபாரம் கறி. கறியில்லாத நாளிலும் சோறு இருக்க வேண்டும்.

இதற்கு இன்னொரு காப்பும் இருக்கிறது. உள்நாட்டுப் பயணி. பெருநாள் விடுமுறைக்கும் பாடசாலை விடுமுறைக்கும் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் வேன் வேனாக நமது ஆட்கள் கிளம்புகிறார்கள். எங்கே தங்குவது, பெண்கள் பிள்ளைகளோடு எங்கே குளிப்பது, வனத்துக்குப் போக எத்தனை மணிக்குப் புறப்படுவது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. தூதரக எச்சரிக்கை அவர்களைத் தடுப்பதில்லை. வெளிநாட்டவருக்குத் தயார் செய்த அதே விலைப்பலகையும் அதே உயிர்காப்பு அங்கியும் அவர்களுக்கும் உதவும்.

ஒழுக்கம் கெடும் என்ற அச்சம்

உல்லாசப் பயணம் என்றதும் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பதை நாம் அறிவோம். மதுவும் கூத்தும் வரும், பிள்ளைகள் கெடுவார்கள் என்கிறார்கள். அந்த அச்சத்தை அலட்சியம் செய்ய முடியாது. அது நியாயமான அச்சம். ஆனால் ஒதுங்கி நிற்பதால் அது தடுக்கப்பட்டதா? கரையோரம் நம் கண்முன்னேயே வளர்ந்து விட்டது. நாம் ஒதுங்கியதால் அதன் போக்கைத் தீர்மானிக்கும் இடத்தில் நாம் இல்லை. அவ்வளவுதான் நடந்தது.

இயற்கையைத் தேடி வருகிறவர் விடியலில் எழும்புகிறவர். பகலெல்லாம் நடந்து, நீந்தி, இரவில் களைத்துத் தூங்குகிறவர். அவருக்கு வேண்டியது சுத்தமான சாப்பாடு, நம்பிக்கையான வழிகாட்டி, அமைதியான அறை. எதை விற்பது எதை விற்காமல் விடுவது என்ற தெரிவு கடைக்காரரின் கையில் இருக்கிறது. மது விற்காமலே இந்த வியாபாரத்தின் பெரும் பகுதியை நடத்தலாம். நாம் தெரிவு செய்யாவிட்டால் வேறொருவர் நமக்காகத் தெரிவு செய்வார்.

வாடை வீசும் மாதங்களில் செய்ய வேண்டியவை

நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்கில் மழை. வெளியூர்ப் பயணி குறைவு. இந்த மாதங்களில்தான் அடுத்த சீசனுக்கான பயணி தன் திட்டத்தைப் போடுகிறார். நாமும் அதே மாதங்களில் நமது திட்டத்தைப் போட வேண்டும்.

ஊரின் வர்த்தகர் சங்கம் கூடி, தோணிக்காரர், முச்சக்கர வண்டிக்காரர், ஜீப்காரர், தங்குமிடம் வைத்திருப்போர் எல்லோரையும் ஒரு மேசையில் இருத்த வேண்டும். எந்தப் பயணத்துக்கு எவ்வளவு, எத்தனை பேர், எத்தனை மணி என்பதை எழுதி முடிக்க வேண்டும். அதை ஒரே தாளில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு கடையிலும் ஒட்ட வேண்டும். கடைக்காரர் எந்தத் தோணிக்காரருக்குப் போன் எடுப்பது, அவருக்கு அதில் என்ன தரகு என்பதையும் அப்போதே ஒளிவுமறைவின்றிப் பேசி முடிக்க வேண்டும்.

அறை வாடகைக்குக் கொடுப்போர் உல்லாசப் பயணத்துறை அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்துகொள்வது நல்லது. பதிவில்லாத இடத்தைப் பெரிய பயண முகவர்கள் தொடமாட்டார்கள். டொலர் மாற்றிக் கொடுக்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். மத்திய வங்கியின் அனுமதி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. வேலையற்று நிற்கும் இளைஞர்களில் நாலு பேருக்காவது முதலுதவியும் உயிர்காப்பு நீச்சலும் பறவைகளின் பெயர்களும் கற்பிக்க ஏற்பாடு செய்தால், அடுத்த ஏப்ரலில் அவர்கள் வழிகாட்டிகள்.

இவற்றில் எதற்கும் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு கூட்டம், ஒரு தாள், சில உயிர்காப்பு அங்கிகள், கொஞ்சம் நேர்மை. பொத்துவிலுக்குச் சொன்னது கற்பிட்டிக்கும் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் பொருந்தும். காற்றும் மாதமும்தான் ஊருக்கு ஊர் மாறும்.

அந்தக் கடைக்காரத் தம்பியிடம் விடைபெறும்போது ஒன்று மட்டும் சொல்லி வந்தேன். "அடுத்த முறை யாராவது தோணி கேட்டால் தெரியாது என்று சொல்லாதீங்க தம்பி. கொஞ்சம் இருங்க, கேட்டுச் சொல்றன் என்று சொல்லுங்க." அவர் சிரித்தார். பின் கல்லாப்பெட்டியைத் திறந்து, ஒரு துண்டுக் கடதாசியில் தோணிக்காரரின் இலக்கத்தை எழுதிச் சுவரில் ஒட்டினார். இந்தச் சீசனுக்கு அந்தக் கடையில் நடந்த ஆயத்தம் அவ்வளவுதான். நமது கடைகளின் சுவர்களில் என்ன ஒட்டியிருக்கிறது?